சித்திரையில் ஓடும் நீர்

சென்ற கோடை விடுமுறையில் மறைக்கல்வி வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்து செல்லும் வேளையில், எட்டாம் வகுப்புப் பயிலும் சிறுவன் ஒருவன் நம்மிடம் வந்து தயங்கி நின்றான். ஞானக் காரியம் ஏதோ கேட்கப்போகிறான் என்று எண்ணினோம். அவன் கேட்டதோ தண்ணீரைப் பற்றி.

“சாமி, பனிமலையிலிருந்து வருகிற ஆறுதான் வற்றாத ஆறு, மற்றதெல்லாம் மழைக்காலத்து ஆறு என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. நம் ஆற்றுக்கு மேலே பனிமலையே கிடையாதே. அம்பாசமுத்திரத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறதாம். ஆனாலும் ஆற்றிலே தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அது எங்கேயிருந்து வருகிறது?”

“அணையைத் திறந்து விடுகிறார்கள், தம்பி” என்றோம் உடனே. கேள்வியை முடித்துவிட்ட நிறைவோடு பூசைப் பொருள் அறையை நோக்கி நடக்கத் தொடங்கினோம்.

“அணை கட்டுவதற்கு முன்னாலே, சாமி?”

நமக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. “அடுத்த ஞாயிறு பார்ப்போம்” என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் கடந்தபின், அவனுக்குச் சொன்ன விடையை வாசகர்களோடும் பகிர்ந்துகொள்வது தகும் என்று தோன்றியதால் இத்திங்கள் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

சிறுவனின் கேள்வி நேர்மையானது. காரையாற்றில் பாபநாசம் அணை எழுந்தது 1940களில். மணிமுத்தாறு அணை 1958ஆம் ஆண்டினது; சேர்வலாறு அணை 1986ஆம் ஆண்டினது. இவற்றுக்கு மிக முற்பட்ட காலத்திலேயே, ஆங்கிலேயர் வருமுன்னரே, தாமிரபரணியின் குறுக்கே கோடைமேலழகியான் முதல் மருதூர் வரை ஏழு அணைக்கட்டுகளை நம் முன்னோர் கட்டி முடித்திருந்தனர். ஸ்ரீவைகுண்டத்து எட்டாம் அணைக்கட்டு மட்டுமே ஆங்கிலேயர் காலத்தது. அணைக்கட்டு என்பது நீரைத் தேக்கி வைப்பதன்று. ஓடும் நீரைச் சற்றே உயர்த்திக் கால்வாயில் திருப்புவது. ஓடாத ஆற்றில் ஏழு அணைக்கட்டு எவன் கட்டுவான்? ஆகவே, பெருந்தேக்கங்கள் இல்லாத காலத்திலும் இவ்வாறு ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கு அக்கற்களே சாட்சி.

மலையிலிருந்து வரும் ஆற்றுக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்னும் வினா, கற்றோரை ஈராயிரம் ஆண்டுகளாகக் குழப்பிய வினாவாகும். குருமடத்தில் நாம் தத்துவம் பயின்ற நாளில் அரிஸ்டாட்டிலைத் தலைமேல் வைத்துப் போற்றினோம். அவரோ, மழை போதாதென்று கருதி, மலைக் குகைகளின் குளிரில் காற்றே நீராக மாறி ஊற்றாகப் பெருகுகிறது என்று எழுதிவைத்தார். 1665ஆம் ஆண்டில், சேசு சபைத் துறவியும் பேரறிஞருமான அத்தனாசியுஸ் கிர்க்கர், பூமியின் உள்ளமைப்பைப் பற்றிப் பெரிய நூலொன்றை அழகிய படங்களோடு வெளியிட்டார். கடல்நீர் நிலத்தடிக் குழாய்களின் வழியே மலைகளின் வயிற்றுக்குள் ஏறி, அங்குள்ள பெருந்தொட்டிகளில் நிரம்பி, ஊற்றாக வெளிப்படுகிறது என்பது அவர் கொள்கை. ஆறுகள் எல்லாம் கடலில் சேர்ந்தும் கடல் நிரம்பவில்லையே என்று சபை உரையாளர் நூலின் முதல் அதிகாரத்தில் ஞானி வியப்பதற்கும் இக்கொள்கை பொருந்தி வந்ததால், பலரும் அதனை ஏற்றனர். உப்பு எங்கே போயிற்று, நீர் மேல்நோக்கி ஏறுவது எவ்வாறு என்னும் கேள்விகளுக்குத்தான் ஒழுங்கான விடை இல்லை.

இவருக்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே, 1580இல், ஃபிரான்சு நாட்டுக் குயவர் ஒருவர் சரியான விடையை எழுதியிருந்தார். பெர்னார் பாலிசி என்பது அவர் பெயர். இலத்தீன் அறியாதவர், மண்ணையும் சூளையையும் அறிந்தவர். ஊற்று நீர் அனைத்தும் மழைநீரே, அது மண்ணில் இறங்கிப் பாறையில் தட்டி வெளிவருகிறது என்றார். அவர் திருச்சபையைப் பிரிந்துபோன ஹியூகனோ சபையினர்; அதன் பொருட்டே சிறையில் மாண்டார். குயவர் கூறியது சரி, நம் குருவானவர் கூறியது தவறு என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்கு இழுக்கு ஏதுமில்லை. ஆறுதல் வேண்டுவோர்க்கு ஒன்று சொல்வோம்: 1639இல் கலிலேயோவின் மாணாக்கராகிய பெனடிக்டின் துறவி பெனதெத்தோ காஸ்தெல்லி, ஒரு கலத்தை மழையில் வைத்து, எவ்வளவு நீர் விழுந்தது என்று அளந்து, அதைத் தம் ஆசிரியருக்குக் கடிதத்தில் எழுதினார். ஐரோப்பாவில் மழையை அளந்தவர்களுள் அவர் முன்னோடி.

ஐயத்தைத் தீர்த்தது அளவையே. 1674இல் பியேர் பெரோல் என்பவர் (வரி வசூல் பதவியை இழந்து வீட்டிலிருந்தவர், சிண்டரெல்லா கதையை எழுதியவருக்குத் தமையன்) சேன் ஆற்றின் தலைப்பகுதியில் ஆண்டுதோறும் எவ்வளவு மழை விழுகிறது, ஆற்றில் எவ்வளவு நீர் போகிறது என்று கணக்கிட்டார். விழுந்த மழையில் ஆறில் ஒரு பங்கே ஆற்றை நடத்தப் போதுமானதாயிருந்தது. மழை போதாது என்று ஈராயிரம் ஆண்டுகள் வாதிட்டோர் எவரும் அதற்குமுன் அளந்து பார்க்கவில்லை.

நம் வீட்டுக் கணக்காகவும் இதைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால், விழுந்த நீர் 1 கோடி லிட்டர். 100 சதுர மீட்டர் அளவுள்ள கோயில் மாடியில் அதே மழை 1,000 லிட்டர். இனி, பொதிகையும் அதன் பக்கத்து மலைகளும் எத்தனை சதுர கிலோமீட்டர், அங்கே ஆண்டில் எத்தனை சென்டிமீட்டர் என்று எண்ணத் தொடங்கினால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வியப்பதை விட்டு, இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது என்று வியக்கத் தோன்றும்.

அம்மழை அங்கே அவ்வளவு பெய்வதேன்? கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் காற்று மலையில் மோதி மேலே ஏறவேண்டியதாகிறது. மேலே ஏற ஏறக் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க இயலாது. குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் வெளிப்புறத்தில் முத்து முத்தாய் நீர் அரும்புவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? மலையுச்சியில் நடப்பதும் அதுவே. அகத்தியர் மலையின் உயரம் ஏறத்தாழ 1,868 மீட்டர். ஆனி முதல் புரட்டாசி வரை அரபிக்கடற் காற்று மேற்கிலிருந்து மோதுகிறது. அதன் பெரும்பங்கைக் கேரளம் பெற்றுக்கொள்ள, முகட்டைத் தாண்டி வரும் மிச்சம் நம் பக்கத்து ஓடைகளில் இறங்குகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை வங்கக் கடற் காற்று கிழக்கிலிருந்து மோதுகிறது; அப்போது நம் பக்கச் சரிவே முகங்கொடுத்து நிற்கிறது. இரு கடல்களிடமும் கடன் வாங்கும் ஆறு இது. இதை நம் விவசாயிகள் எந்த நூலையும் படியாமலே அறிந்திருந்தனர். கார் சாகுபடி என்றும் பிசானம் என்றும் இரு போகங்களை வகுத்தது எதனால்? முன்னது மேற்கு மழையின் நீருக்கும் பின்னது கிழக்கு மழையின் நீருக்கும் உரியது. (கங்கையைப் பனியாறு என்று புத்தகம் சொல்கிறது. சமவெளியை எட்டியபின் அதன் ஆண்டு நீரிலும் பெரும்பங்கு பருவமழையினதே. இதையும் சிறுவனுக்குச் சொன்னோம். தேர்வில் எழுதிவிடாதே என்றும் சொன்னோம்.)

ஆயினும், அவன் கேட்டது மழையைப் பற்றியன்று. மழை நின்றபின் ஓடும் நீரைப் பற்றி. விடையின் சாரம் இங்கேதான் இருக்கிறது.

ஆறு பிறக்கும் இடம் என்று பெரிய பொதிகையின்மேல் பூங்குளம் என்னும் சுனையைக் காட்டுவர். பக்தியோடு அதைக் காணச் செல்வோரை நாம் குறை கூறவில்லை. ஆனால் அச்சுனையை மட்டும் நம்பியிருந்தால் பாபநாசத்துப் படித்துறையில் கால் நனைக்கவும் நீர் இராது. பேயாறு, உள்ளாறு, பாம்பாறு, காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, இராமநதி, பச்சையாறு, குற்றாலத்திலிருந்து வரும் சிற்றாறு என்று எத்தனையோ ஓடைகள். ஒவ்வோர் ஓடைக்கும் நூற்றுக்கணக்கான கசிவுகள். ஆறு ஓரிடத்தில் பிறப்பதில்லை. மலைச்சரிவு முழுவதும் கசிந்து கசிந்து கூடுவதே ஆறு.

காட்டில் விழும் மழைத்துளி முதலில் இலையில் விழுகிறது. வேகம் தணிந்து சருகின்மேல் சொட்டுகிறது. சருகின் கீழே மக்கிய மண் பஞ்சுபோல் கிடக்கிறது. வேர்கள் துளைத்த வழியும், மண்புழுவும் எறும்பும் துளைத்த வழியும் அதற்குண்டு. அவ்வழியே நீர் இறங்கி, மண்ணுக்கடியில் உதிர்ந்துகிடக்கும் பாறைப் பொடியையும் பாறையின் வெடிப்புகளையும் நிரப்புகிறது. அங்கிருந்து சரிவின் போக்கில் மெல்ல மெல்ல நகர்ந்து, பள்ளத்தில் ஊற்றாகத் தலைகாட்டுகிறது. மேற்பரப்பில் ஓடும் நீர் சில மணி நேரத்தில் ஆற்றை அடையும். உள்ளே இறங்கிய நீருக்கோ வாரங்களும் மாதங்களும் ஆகும், சில நேரம் ஆண்டுகளும் ஆகும். சித்திரையில் அம்பாசமுத்திரத்தில் அச்சிறுவன் மூழ்கிக் குளித்தது, அணையில் தேங்கியதும் மலைக்குள் தங்கியதுமான சென்ற ஐப்பசி மழையில் என்று சொன்னால் பெரிதும் தவறாகாது.

அறிவியலார் நீரில் இயல்பாகவே கலந்திருக்கும், எடை சற்று மிகுந்த ஆக்சிஜன் அணுக்களை அளந்து, எது பழைய நீர், எது புதிய மழை என்று பிரித்தறிகின்றனர். 1970கள் தொடங்கி அவர்கள் கண்ட ஒன்று நம்மை மிகவும் வியக்கவைத்தது. காடு போர்த்திய பல ஓடைகளில், மழை கொட்டும் நேரத்திலேயே பெருகி வரும் வெள்ளத்தில்கூடப் பெரும்பங்கு புதிய மழையன்று. முன்பே மண்ணுக்குள் இருந்த பழைய நீரே. புதிதாய் இறங்கிய நீர், பழையதை வெளியே தள்ளுகிறது.

இதைக் கேட்டவுடன், மரம் நட்டால் தண்ணீர் வந்துவிடும் என்று கிளம்பிவிடவேண்டாம். மரமும் நீரைக் குடிக்கிறது. இலை வழியே வானத்துக்குத் திருப்பியும் விடுகிறது. நீலகிரியில் இயற்கையான புல்வெளி இருந்த நீர்ப்பிடிப்பில் தைலமரத்தை நட்டபின் ஓடைநீர் குறைந்துபோனதை ஆய்வாளர் அளந்து காட்டியிருக்கின்றனர். மலைக்கு நீர் தருவது எண்ணிக்கையில் மிகுந்த மரங்கள் அல்ல. புல்வெளிக்குப் புல்வெளியும் பள்ளத்துச் சோலைக்குச் சோலையுமாக, கலையாத மண்ணோடு இருக்கும் மலையே. பள்ளிதோறும் மரக்கன்று விழா எடுக்கும் நம் பங்கு இளைஞர் இதைப் பொருட்படுத்துவது நலம்.

இவ்வளவும் நூல்களிலிருந்து அறிந்தது. மற்றொன்றை நாம் நூலில் படிக்கவில்லை.

நம் பங்கில் இப்போது ஒரு குடும்பம் வாடகை வீட்டில் வாழ்கிறது. மணிமுத்தாற்றுக்கு மேலே மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் நான்கு தலைமுறை கொழுந்து பறித்த குடும்பம். சிங்கம்பட்டி சமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த காட்டைத் திருத்தி உண்டாக்கிய தோட்டம் அது. 2028இல் குத்தகை முடியுமுன்பே, 2024 ஜூன் மாதத்தில் தோட்ட நிறுவனம் வேலையை நிறுத்தியது. குடும்பங்கள் கீழே இறங்கின. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று அங்குள்ள பெயர்களை அவ்வீட்டு மூதாட்டி சொல்லக் கேட்டால், பிறந்த ஊரைப் பிரார்த்தனைபோல் சொல்வது தெரியும். ஊத்து என்பது ஊற்றுத்தான். தமிழ்நாட்டிலேயே மழை மிகுந்த இடங்களுள் ஒன்று அது.

சிறுவனின் கேள்வியை அம்மூதாட்டியிடம் சொன்னோம். சிரித்தார்.

“இதுக்கு எதுக்கு சாமி புத்தகம்? தோட்டத்துலே மழை விட்டா நாலு நாள்லே ஓடை இளைச்சிரும். காட்டுக்குள்ளே போனா, மழை விட்டு ரெண்டு மாசம் ஆனாலும் பாறைக்கு அடியிலே நீர் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். நாங்க குடத்தைத் தூக்கிக்கிட்டுக் காட்டு ஓரத்துக்குத்தானே போவோம்.”

பெரோல் கணக்கிட்டு அறிந்ததையும் அணுவை எடையிட்டு அறிஞர் கண்டதையும் இந்த அம்மா இடுப்புக் குடத்தால் அறிந்திருந்தார். சற்று நேரம் கழித்து அவரே தொடர்ந்தார்:

“காடு திரும்பி வந்தா ஆத்துக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்லுதாங்க. நல்லதுதான் சாமி, நான் இல்லேன்னு சொல்லலே. இங்கே எங்களுக்கு நாலு நாளைக்கு ஒரு தடவை குழாயிலே தண்ணி வருது. அந்தத் தண்ணி எங்க ஓடையிலே இருந்து வந்ததுதானே?”

நமக்கு மறுமொழி வரவில்லை. அம்மலை களக்காடு – முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. தோட்டம் காடாகத் திரும்பினால் கீழே ஆற்றுக்கும் வயலுக்கும் நம் குழாய்களுக்கும் நன்மை என்பதில் ஐயமில்லை. நாமும் அதையே விரும்புகிறோம். ஆனால் அக்காட்டை வெட்டுவித்து இலாபம் கண்டவர் யார், கூலிக்குக் கொழுந்து பறித்தவர் யார் என்பதையும் வேறுபடுத்திப் பார்க்கவேண்டும். இதே தோட்டத் தொழிலாளரின் கூலிக் கோரிக்கைக்காக 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் சென்ற ஊர்வலத்தில், காவலர் தடியடிக்கு அஞ்சி ஆற்றில் இறங்கியோரில் 17 பேர் மாண்டனர். அவர்களுள் கைக்குழந்தை ஒன்றும் இருந்தது. அவர்கள் பறித்த தேயிலையின் மலையிலிருந்து இறங்கிய அதே நீர். ஏழைகளின் வழக்கையும் நிலத்தின் வழக்கையும் தனித்தனியே விசாரிக்கலாகாது என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுத் திருமடலில் வற்புறுத்தியபோது, அது எங்கோ அமேசான் காட்டுக்கு உரியது என்றே நாம் படித்தோம். நம் பங்கின் மூன்றாம் தெருவுக்கும் உரியது என்பது இப்போது விளங்குகிறது. தோட்டத்துக் குடும்பங்களுக்கு வீடும் வேலையும் கிடைப்பது மலைக்கு மரம் திரும்புவதற்கு இரண்டாம் காரியமாகக் கருதப்படுமானால், நீரை அருந்தும் நாம் அனைவரும் அவர்களுக்குக் கடன்பட்டவர்களாகவே இருப்போம்.

கடைமடைக்காரர் நமக்கும் ஒரு சொல். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும் ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் மழை பெய்தது. திருச்செந்தூர்த் தொடர்வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனதை நாடே பேசியது. அன்று எல்லாத் துயரத்தையும் அணையின்மேல் சுமத்தியவர் உண்டு. மலையிலிருந்து நீர் வந்தது மெய்தான். ஆயினும் மலையில் விழவேண்டிய அளவு மழை நம் தலைமேலேயே விழுந்தது. அதை உறிஞ்ச இங்கே சருகு மண்ணும் இல்லை, தூர்வாரிய குளமும் இல்லை. நீர் உள்ளே இறங்க வழியில்லாத இடத்தில் ஒரு நாள் வெள்ளம், மறுகோடையில் வறட்சி. மலைக்கு உள்ள இலக்கணம் நம் தெருவுக்கும் உண்டு.

ஆறு நீரை மட்டும் கொண்டுவருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். முன்னாளில் பாண்டியரின் கடல்துறையாயிருந்த கொற்கை இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளி நிற்கிறது. அதன்பின் பழைய காயல் துறையாயிற்று. அதன்பின் போர்த்துகீசியரும் அர்ச். சவேரியாரும் வந்திறங்கிய காலத்தில் புன்னைக்காயல். மலை அரைபட்டு, மண்ணாகி, ஆற்றின் வழியே வந்து கடலைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. புன்னைக்காயலில் கடலில் கலக்கும் நீரை வீணாய்ப் போகிறது என்று வயற்காரர் சொல்வர். முகத்துவாரத்தில் வலை வீசும் நம் மக்களிடம் அவ்வாறு சொல்லிப் பாருங்கள். ஆற்றுநீர் கலந்தால்தான் அங்கே இறாலும் மீனும் வளரும் என்று அவர்கள் உங்களுக்குப் பாடம் நடத்துவர்.

சிறுவனிடம் இவையனைத்தையும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. இரண்டு ஞாயிறு ஆயிற்று. மூதாட்டியின் வீட்டுக்கும் அவனை அழைத்துச் சென்றோம். அவர் அவனுக்குக் கடுங்காப்பி கொடுத்து, ஊத்தில் ஆடி மாதத்தில் துணி காயாமல் அடுப்பின்மேல் கொடி கட்டி உலர்த்திய கதையைச் சொன்னார். அவன் ஆற்றை மறந்து அட்டைப்பூச்சியைப் பற்றியே கேள்வி கேட்டான்.

ஆனாலும் முற்றும் மறக்கவில்லை. பெனதெத்தோ காஸ்தெல்லியைப்போல் தானும் மழையை அளக்கவேண்டுமாம். ஐப்பசி பிறந்ததும், பக்கம் நேராக உள்ள ஒரு பால்மாவு டப்பாவையும் ஓர் அளவுகோலையும் கோயில் மாடியில் வைக்க அனுமதி கேட்டிருக்கிறான். கொடுத்திருக்கிறோம். மணிக்கூண்டை ஒட்டி வைக்காதே, சாய்ந்து வரும் மழையை அது மறைத்துவிடும் என்று மட்டும் சொல்லியிருக்கிறோம்.